கம்பளியில் ஒட்டிய விதை

பயறு நாற்றுகள் விரல் பட்டதும் பொடிந்தன. ஷெத்லியா சரிவில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அக்டோபரில் ஒரே ஒரு மழை பெய்து ஆசை காட்டியிருந்தது. அதை நம்பிப் பயறெல்லாம் தலைதூக்கியது. அதற்குப் பிறகு நாற்பது நாளாக ஒரு சொட்டு இல்லை.

ஒலிவ மரங்களுக்கு நடுவே மண்ணைப் பச்சையால் மூடிவைக்க மூன்று வருடமாக அவள் படாத பாடு படுகிறாள். முதலில் பார்லி போட்டாள். மழை குறைந்த வருடம் அது. மரத்துக்குப் போகவேண்டிய ஈரத்தையெல்லாம் பார்லியே குடித்துவிட்டது. அடுத்த வருடம் பயறு. செழித்து வந்ததை இந்த மக்தர் மலைநாட்டுப் பனி கருக்கிப்போட்டது. ஊரிலோ மரத்தடியை உழுது வழித்துச் சுத்தமாக வைப்பதுதான் கௌரவம். புல் மண்டிய தோப்பு, சவரம் செய்யாமல் நிக்காஹுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. கொழுந்தன் லஸ்ஸாத்துக்கு அதில் மானமே போகிறது. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டாலும் பத்திரத்தில் தோப்பு இன்னும் பாகம் பிரியவில்லை, டிராக்டரும் அவனுடையது. புருஷன் இறந்த பிறகு அவள் அவனிடம் கேட்டு வாங்கியது மூன்றே மூன்று குளிர்காலம். இந்த முறையும் பச்சை நிற்காவிட்டால் இவள் பக்கத்தையும் உழுதுவிடுவான். மேல்வரிசை மரங்களுக்கு ஏற்கெனவே வேர் வெளியே தெரிகிறது. இன்னும் எத்தனை மழைக்கு மண் மிஞ்சும்?

அதனால்தான் இந்த வருடம் பயறோடு இன்னொன்றையும் கலந்தாள். கோடையில் பெண்கள் ஆட்டுக் கம்பளியைச் சிக்கெடுக்கும்போது, திட்டிக்கொண்டே பிடுங்கி அடுப்பில் எறிகிற சுருட்டை முள்காய். பஞ்ச வருடத்திலும் மேய்ச்சல் நிலத்தில் அது மட்டும் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறதே என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. வீடு வீடாகப் போய் ஒரு மூட்டை சேர்த்து, கோடை முழுக்க மாடி வெயிலில் போட்டுவைத்துத் தூவினாள்.

"அண்ணி, ஊர்ல குப்பையக் கூட்டுவாங்க. நீங்க விதைக்கிறீங்க!" என்று லஸ்ஸாத் அப்போது சிரித்தான்.

இப்போது கருகிய பயறைப் பார்த்துவிட்டு அவன் சிரிக்கவில்லை. "முள்காய் அசையவே இல்ல. செத்த விதை அண்ணி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் டிராக்டரோட வர்றேன்."

"மூணு குளிர்காலம்னு நீதானே சொன்னே? குளிர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே தம்பி."

"உங்ககிட்ட வக்கீலே தோத்துடுவான்." அவன் தலையைச் சொறிந்தான். "ஜனவரி கடைசி. அதுக்கு மேல ஒரு நாள் கேக்காதீங்க."

டிசம்பரில் மூன்று நாள் தூறியது. பத்தாம் நாள் மேலே ஏறிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சரிவெங்கும் மூவிலைத் தளிர்கள், மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொண்டு. ஒரு காயைப் பிரித்தாள். உள்ளே ஐந்து விதை, ஒன்றுதான் முளைத்திருந்தது. மற்ற நான்கும் கல்லாகக் கிடந்தன, அடுத்த மழையையும் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம் என்பது போல. என்ன சாமர்த்தியம்! இத்தனை காலமாக இதையா நெருப்பில் போட்டோம் என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஜனவரி கடைசி வாரம் ஒரு மதியம் வானம் பொத்துக்கொண்டது. மறுநாள் காலை, சொன்ன சொல் தவறாமல், லஸ்ஸாத் டிராக்டரோடு வந்தான். அதை அடிவாரத்தில் ஓடவிட்டபடியே ஏறி வந்தவன் வரப்பில் நின்றுவிட்டான். அவனுடைய சுத்தமான பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்கு மண் அறுத்துக்கொண்டு போயிருந்தது. ஷெத்லியாவின் பக்கம் முழுக்க நடந்து பார்த்தான். பச்சை கலையாமல் இருந்தது.

"உங்க பக்கம் தண்ணி மட்டுந்தான் இறங்கிப் போயிருக்கு," என்றான் கடைசியில்.

அவனுடைய கம்பளி அங்கியின் ஓரத்தில், முளைக்காத முள்காய்கள் நாலைந்து ஒட்டியிருந்தன. பழக்கதோஷத்தில் அவற்றைப் பிடுங்கி, எறியக் கையை ஓங்கினான்.

"குப்பைதானே. வீசிடு தம்பி."

ஓங்கிய கை இறங்கியது. கீழே டிராக்டர் உறுமிக்கொண்டே இருந்தது. லஸ்ஸாத் வரப்பைத் தாண்டித் தன் பக்கம் போய், மழை அறுத்த பள்ளத்தின் ஓரத்தில் குனிந்து, முள்காய்களை ஒரு கையில் மூடிக்கொண்டு, மறுகை விரலால் மண்ணைக் கீறினான்.