உங்க பக்கம், என் பக்கம்

கணினியில் இணைப்புச் சுட்டிகளைத் தொட்டுப் படிக்கும் கதைகள்தான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு சொல்லைத் தொட்டால் ஒரு பக்கம், வேறு சொல்லைத் தொட்டால் வேறு பக்கம். வாசகரே வழியைத் தேர்ந்துகொள்வார். ஆராய்ந்தது போதும், நீயே ஒன்று எழுது என்றார் பேராசிரியர். அவள் தன் அண்ணனை எழுதினாள்.

வீட்டில் அவனை நெட்டை என்பார்கள். வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதிச் செத்தவன். கதையின் முதல் பக்கத்தில் மழையில் வாசலில் நிற்பான். 'கிளம்பினான்' என்பதைத் தொட்டால் சாலை, லாரி, ஆஸ்பத்திரி. 'இன்றைக்கு லீவு' என்பதைத் தொட்டால் உள்ளே வந்து தலை துவட்டுவான்.

அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து படித்தாள். இரண்டாவதை மட்டுமே தொட்டாள்.

"அப்புறம் என்னடி பண்ணான்?"

அவள் எழுதினாள். நெட்டை வேலை மாறினான், கண்ணாடி போட்டான், ஒரு பெண்ணோடு பேசிப் பழகினான்.

"அந்தக் கலர் சட்டைய அவன் தொடவே மாட்டான், மாத்து" என்று அம்மா திருத்தினாள். எழுத எழுத அவளுக்கே அவன் இருமல் கேட்டது.

அப்பாவும் படித்தார். ஆனால் அவர் எழுந்து போன பிறகு பார்த்தால், கணினியில் ஆஸ்பத்திரிப் பக்கம் திறந்து கிடக்கும்.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "பையனுக்கு ரெண்டு நாளா தலைவலிங்க."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "அவன் செத்துட்டான்டி."

"அது உங்க பக்கத்துல. என் பக்கத்துல நல்லாத்தான் இருக்கான்."

மறுநாள் அவள், அம்மா படிக்கும் வழியின் கடைசியில் புதிதாக ஒரு சுட்டி வைத்தாள். அம்மா தொட்டாள். ஆஸ்பத்திரி வராந்தா. பெஞ்சில் அப்பா ஒற்றை ஆளாய், மடியில் மகனின் செருப்புகள். விபத்து நடந்த அன்று மகள் ஓடிப்போய்ப் பார்த்த காட்சி அது. அம்மாவை யாரும் அங்கே அழைத்துப் போகவில்லை.

அம்மா உள்ளே போய் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"தனியாவா உக்காந்திருந்தீங்க?"

அப்பா தலையாட்டினார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அதன்பின் 'அப்புறம் என்ன' என்று அம்மா கேட்கவேயில்லை. கதை பேராசிரியருக்குப் பிடித்தது, பட்டமும் கிடைத்தது.

அவளால்தான் எழுதுவதை நிறுத்த முடியவில்லை. நெட்டைக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. எந்தச் சுட்டியும் வந்து சேராத பக்கங்களில் அவனை எழுதி வைக்கிறாள். எழுதாமல் விட்டால் அடுத்த அறையில் அவன் கட்டில் கிறீச்சிடுகிறது. அவள் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. உட்கார்ந்து எழுதுகிறாள்.