மஞ்சள் காட்டிய மழை

பேராசிரியர் சீனுவாசன் என்னை மழைக்கிறுக்கன் என்றுதான் கூப்பிடுவார். நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிட்டுவிட்டு அவரே முதலில் சிரிப்பார். நான் சிரிக்கமாட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

அது 1938. விழுப்புரத்தில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே, அவர் மேற்பார்வையில் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். திருவக்கரைப் பக்கம், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் மேட்டுக்குக் கீழே, விருத்தாசலம் என்பவர் கிணறு வெட்டினார். ஆழத்தில் வெளுத்த களிப்பாறை வந்தது. பிளந்தால் உள்ளே இலைத் தடம். மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கே மழை போதாத இந்த மண்ணில் ஒரு காலத்தில் வருஷம் முழுக்க மழை கொட்டிய காடு இருந்தது என்று எழுதிக் கொடுத்தேன்.

சும்மா எழுதவில்லை. பெருமழைக் காட்டில் பெரும்பாலான மரங்களுக்கு இலை நுனி வால் மாதிரி நீண்டிருக்கும். மேலே விழுகிற தண்ணீர் அது வழியே வடிந்துவிடும். வறண்ட காட்டு இலைக்கு அந்த வால் தேவையில்லை. என் கற்களிலோ இலையும் வெளுப்பு, கல்லும் வெளுப்பு. நுனி எங்கே முடிகிறது என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

"வால் எங்கேடா?" என்று பேராசிரியர் கட்டுரையைத் திருப்பிவிட்டார். "நேரில் வந்து பார்க்கிறேன். அப்பவும் தெரியலைன்னா பட்டத்தை மறந்துடு."

முகையூரில் எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மறப்பதாவது!

அவர் வருவதற்கு முந்தின நாள் கற்களில் நல்லதாக ஏழு பொறுக்கித் துடைத்து, கிணற்று மேட்டில் வேப்ப மர நிழலில் வரிசையாக நிமிர்த்தி வைத்தேன். மீதியைப் பாய் போட்டு மூடிவிட்டு, அவரை அழைத்துவரத் திண்டிவனம் போனேன். நான் போன பிறகு கிணற்றில் ஊற்று கண்டிருக்கிறது.

மறுநாள் பேராசிரியரோடு வண்டியில் வந்து இறங்கினால், என் ஏழு கற்களும் மஞ்சள் பூத்து நிற்கின்றன. தலையில் குங்குமம், அரளிப்பூ. முன்னால் உடைத்த தேங்காய். மண் சுமக்கும் பெண்கள் ஈரப் புடவையோடு கைகூப்பி நின்றார்கள்.

"யார் செஞ்ச வேலை இது?" என்று கத்தினேன். "என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!"

பெண்களுக்கு மூத்தவளான அம்சா அசரவில்லை. "இன்னாங்க சார் கோவிக்கிறீங்க? கெணத்து மேட்டுல ஏழு கல்ல நட்டுட்டுப் போனது நீங்கதான? ஊத்து கண்ட அன்னிக்கி கன்னிமாருக்கு மஞ்சத்தண்ணி ஊத்தாம வுட்டுடுவமா?"

கிணற்றடியில் ஏழு கல் வரிசையாக நின்றால் இந்தப் பக்கத்தில் அது கன்னிமார், மழையும் தண்ணீரும் தருகிற ஏழு பெண் தெய்வங்கள். மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்த எனக்கு அது உறைக்கவே இல்லை. அழுகை வந்தது.

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கல்லிடம் குனிந்தார். சிரிப்பு நின்றது.

"மாசிலாமணி, இங்கே வா."

மஞ்சள் தண்ணீருக்குப் பிறகு நல்ல தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்கள். மேலிருந்த மஞ்சள் கரைந்து போய்விட்டது. பள்ளத்தில் இறங்கியது மட்டும் தங்கிவிட்டது. நரம்பு மஞ்சள், ஓரம் மஞ்சள். நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு வால்!

"வால் சார்!" என்று அலறினேன்.

"ஏழும் நீ பொறுக்கினது. பொறுக்காததைக் காட்டு."

பாயை உருவி எறிந்தேன். "அம்சா, இன்னும் மஞ்சள் இருக்கா?"

"ஜல்தியா கரைங்கடி!" என்று அம்சா திரும்பிக் குரல் கொடுத்தாள். குடம் குடமாக வந்தது. பேராசிரியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே ஊற்ற ஆரம்பித்தார். ஒரு கல்லில் வால். அடுத்ததில் வால். ஒன்றில் இல்லை. பிறகு மூன்றில் தொடர்ந்து வால். வெயில் உச்சிக்கு வருவதற்குள் குவியல் முழுக்கப் பார்த்தாயிற்று. நாலில் மூன்று பங்கு இலைகளுக்கு வால் இருந்தது.

அவர் மஞ்சள் கையை என் தோளில் வைத்தார். "ஜெயிச்சுட்டேடா. அத்தனையும் மெட்ராசுக்கு ஏத்து."

ஏழு கற்களுக்கு முன்னால் அம்சா வந்து நின்றாள். "கன்னிமார எங்கியும் தூக்கிக்கினு போவ வுடமாட்டோம்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "குவியலே போதும் சார், இந்த ஏழும் இங்கேயே இருக்கட்டும்," என்றேன்.

"அப்பிடி இன்னாதான் சார் இருக்குது அந்த எலையில?" என்றாள் அம்சா.

"ஒரு காலத்துல இங்க வருசம் பூரா மழை பேஞ்சிருக்குன்னு இருக்குதும்மா."

அவள் வாயில் கை வைத்து மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கினீங்களாடி? நாம சரியான கல்லத்தான் கும்புட்டுக்கினு இருக்கறோம்!"

இந்தத் தடவை முதலில் சிரித்தது நான்தான்.