பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்

“தாடையை மேல வைங்க. தோளை முன்னாடி தள்ளுங்க. மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. ஆடாதீங்க.” ஒரு நாளில் அவள் அதிகம் பேசும் வார்த்தைகள் இவைதான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் பொத்தானை அழுத்துவாள், “விடுங்க” என்பாள், அவ்வளவுதான். விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க அந்த ஊரில் அனுமதி பெற்றிருந்த ஒரே இடம் அது. வருகிறவர்கள் கல்யாண வீட்டுக்குப் போவதைப்போல் நல்ல சட்டை போட்டு, வாசனை அடித்துக்கொண்டு வருவார்கள். அதையெல்லாம் கழற்றிவிட்டு முதுகில் நாடா கட்டும் நீல அங்கியை மாட்டிக்கொண்டு குளிர்ந்த பலகையில் நெஞ்சைப் பதித்து நிற்பார்கள். முடிந்ததும் போட்டோ ஸ்டுடியோவில் கேட்பதைப்போல் “நல்லா வந்துச்சா?” என்று கேட்பார்கள். வந்துச்சு என்பாள். அதற்குப் பிறகு அவர்கள் எங்கே போனார்கள், போய்ச் சேர்ந்தார்களா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

அவளோடு வேலை பார்த்தவனை எல்லோரும் ‘இருட்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். பிலிமைக் கழுவிக் காயப்போட்ட காலத்தில் இருட்டறையில் வேலை செய்தவன். “அக்கா, இன்னிக்கு ஏற்றுமதி எத்தனை நுரையீரல்?” என்பான் தினமும். அவளும் தினமும் சிரிப்பாள். அந்த வாரம் மட்டும் சிரிக்க மறந்துபோயிருந்தாள். மறந்தது கூட அவனுடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அம்மா போகப்போகிறாள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி கூப்பிடுகிறான். எந்த விசாவில் போவது என்பதுதான் கேள்வி. போன வாரம் விசா ஆலோசகர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, பெற்றோருக்கான வருகை விசா. இரண்டு வருஷம் மகனோடு இருக்கலாம், பிறகு திரும்பி வந்துவிட வேண்டும். அங்கே உடம்புக்கு ஏதாவது என்றால் செலவெல்லாம் கைக்காசு. இன்னொன்று நிரந்தரக் குடியிருப்புக்கான பி.ஆர். ஒரேயடியாகத் தங்கிவிடலாம், மருத்துவம் இலவசம், மூட்டு ஆபரேஷன் உட்பட. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. சொந்த நாட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள யாரும் இருக்கக் கூடாது. இருக்கிற பிள்ளை, தன்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

இருக்கிற பிள்ளை அவள்தான். அப்பா போனதிலிருந்து அந்த வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். கல்யாணப் பேச்சு எப்போது நின்றது என்று இருவருக்குமே நினைவில்லை. நாற்பதைத் தொடப்போகிறவளை அம்மா இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டாள்.

“நான் பொய் சொல்லச் சொல்லலை மேடம்,” என்றார் ஆலோசகர். அவருக்குப் பின்னால் தண்ணீர் கேன் அவ்வப்போது குபுக் குபுக்கென்று ஏப்பம் விட்டது. “உண்மையிலேயே இருக்கிற கஷ்டத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். அவ்வளவுதான். இண்டர்வியூல அம்மாகிட்டயும் கேப்பாங்க. ஒரு தடவை பழகிடலாமா? நான்தான் அதிகாரின்னு வைங்க.” நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து குரலை மாற்றிக்கொண்டார். “சொல்லுங்கம்மா, உங்க பொண்ணு உங்களை நல்லா பாத்துக்கறாங்களா?”

அம்மா தடுமாறுவாள், தன்னைத் திரும்பிப் பார்ப்பாள், ஏதாவது எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவள் தயாராக இருந்தாள். அம்மா திரும்பவே இல்லை.

“இவளா? நல்லா கேட்டீங்க போங்க. காலைல போனா இருட்டினப்புறம் வருவா. வந்தா வாயத் திறக்க மாட்டா. நான் ஒருத்தியா பேசுவேன், சுவரு கேட்டுக்கும். பாலை அடுப்புல வெச்சுட்டு எங்கயோ பாத்துக்கிட்டு நிப்பா. அது பொங்கி, கருகி, பக்கத்து வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து கதவைத் தட்டணும். முட்டி வலிக்குதுடின்னா ‘ம்’ம்பா. செத்துட்டேன்டின்னாலும் ‘ம்’ம்பா. வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போற கோட்டுல பட்டன் போய் ஆறு மாசம். தைச்சுக்கத் துப்பில்லை. தினம் நான்தான் ஊக்கு குத்தி அனுப்பறேன். இவ என்னைப் பாத்துக்கறதாவது! இவளைப் பாத்துக்கத்தான் ஆள் வேணும்.”

ஆலோசகர் கைதட்டாத குறை. “பிரமாதம்மா! அங்கயும் இப்படியே சொல்லிடுங்க. அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாம்.”

அவள் தன் கோட்டைக் குனிந்து பார்த்தாள். ஊக்கு இருந்தது. அம்மா சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதை, அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் கேட்பதைப்போல் கேட்டுக்கொண்டிருந்தாள். வருத்தம் வரும் என்று மனதில் ஓர் இடத்தை ஒழித்துவைத்திருந்தாள்; அங்கே ஒன்றும் வந்து உட்காரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா அவள் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கினாள். நடிப்புதானே அம்மா என்று கேட்பதற்காக எழுப்பலாமா என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்ததில் இறங்கும் இடம் தாண்டிப்போய்விட்டது.

தம்பி போனில் அழைத்தபோது அவனுக்குப் பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. “அக்கா, வெறும் பேப்பர்தானே. நீ பாத்துக்கலைன்னு யாராவது சொன்னாங்களா? பாத்துக்க முடியலைன்னுதானே இருக்கு. விசிட்டர்ல வந்தா ஒரு காய்ச்சலுக்கே என் சம்பளம் காலி. அம்மா முட்டிய நெனச்சுப் பாரு.” குழந்தையைத் தூக்கிக்கொண்டு, “நீயும் இனிமேலாவது உன் வாழ்க்கையப் பாருக்கா” என்றான். போனை வைத்த பிறகு அவள் நிஜமாகவே பார்த்தாள். ஒரு கட்டில், துணி காயும் நாற்காலி, திரும்பிப் படுத்தால் தெரியும் ஜன்னல்.

“உனக்குப் போகணுமாம்மா?”

“அக்காளும் தம்பியும் பேசி முடிவு பண்ணுங்க. நான் என்ன சூட்கேஸா, எடை பாத்து ஏத்திவிட?” என்று சொல்லிவிட்டு அம்மா முட்டியில் தைலம் தேய்க்கத் தொடங்கினாள். அது போகிறேன் என்பதா, மாட்டேன் என்பதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் கையெழுத்துக்காக ஆலோசகர் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்தடுத்த நாட்களில் அது பையிலேயே அவளோடு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தது.

எந்த விசாவானாலும் எக்ஸ்ரே உண்டு. அம்மாவுக்குத் தேதி கிடைத்த அன்று வீட்டில் ஒரே பரபரப்பு. கண்ணாடியைக் காணோம், பாஸ்போர்ட்டைக் காணோம் என்று தேடி, கடைசியில் பிடித்தால் பஸ், விட்டால் போச்சு என்று ஓடிவந்தார்கள். சொந்தக்காரர்களுக்குத் தானே எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. இருட்டுதான் எடுக்க வேண்டும். “அந்தத் தடியன் முன்னாடி இந்த அங்கியைப் போட்டுக்கிட்டு நிப்பேனா?” என்றாள் அம்மா, அவன் காதில் விழும்படியே. “அம்மா, நான் வெளிய போய் டீ குடிக்கறேன். நானே எடுத்தேன்னு எழுதிக்கறேன்,” என்று அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அம்மாவின் சங்கிலியையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வாங்கிக்கொண்டாள். எலிவாலாகிவிட்ட பின்னலைத் தூக்கி உச்சியில் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டாள். உள்பாடியைக் கழற்ற அம்மா சம்மதிக்கவில்லை. வெறும் துணிதானேடி, கொக்கி கூட இல்லை என்றாள். “வேற எதுவும் இல்லையே?” “எல்லாம் எடுத்தாச்சு.” அம்மாவின் இடுப்பில் கைகளை மடித்துவைத்து, தோள்களைப் பிடித்து முன்னால் தள்ளினாள். அங்கிக்குள் தோள் இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. தாடையை மேல வைம்மா. மூச்சை இழுத்துப் பிடி. ஆடாதே.

பொத்தானை அழுத்தினாள். திரையில் படம் வந்தது. கறுப்பாக இரண்டு நுரையீரல், வளைந்த விலா எலும்புகள், வெள்ளை மூட்டமாக இதயம். அதன் ஓரத்தில், எலும்பைவிடப் பளிச்சென்று, ஒரு ஊக்கு. சுருள், கம்பி, தலை எல்லாம் துல்லியமாக, பூட்டியபடி இருந்தது. ஆயிரக்கணக்கான நெஞ்சுகளைப் பார்த்திருக்கிறாள். இதையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அம்மாவின் முதுகு நடுங்கத் தொடங்கியது.

“விடும்மா, மூச்சை விடு.”

“நீ சொல்றதுக்குள்ள போய்ச் சேந்துருப்பேன்டி,” என்று அம்மா இரைத்தாள். “முடிஞ்சுதா?”

“இன்னொரு தடவை எடுக்கணும். உள்ள ஊக்கு இருக்கு.”

அம்மா நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். “அடக் கடவுளே. ஓடிவந்த அவசரத்துல உனக்குக் குத்திவிட நேரமில்லை. பஸ்ல குத்திவிடலாம்னு என் உள்பாடியில செருகினேன், மறந்தே போச்சு.” அங்கிக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். “வா இப்படி. கோட்டைத் திறந்து போட்டுக்கிட்டு நிக்கறா பாரு.”

அவள் தடுப்புக்கு வெளியே வந்தாள். அம்மா ஊக்கைத் திறந்து உதட்டில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் கோட்டின் விளிம்புகளை இழுத்துச் சேர்த்தாள். பையிலிருந்த கடிதம் மொரமொரத்தது. அம்மாவின் விரல்கள் அங்கே கொஞ்சம் நின்றன, பிறகு நகர்ந்தன.

“இன்னும் கையெழுத்துப் போடலம்மா.”

அம்மா ஊக்கைக் கவ்வியிருந்தாள்.

“அன்னிக்கு அந்த ஆள்கிட்ட சொன்னதெல்லாம் நெசமாம்மா?”

“ம்,” என்றாள் அம்மா. ஆமாம் என்பதாகவும் இருக்கலாம், ஆடாதே என்பதாகவும் இருக்கலாம். ஊக்கை வாயிலிருந்து எடுத்து, துணியைத் துழாவி, கண்ணாடி இல்லாததால் முகத்தை அவள் நெஞ்சுக்கு மிக அருகில் கொண்டுவந்தாள். முனை சட்டையைத் தாண்டி உள்ளே லேசாகத் தொட்டது. அவள் தாடையை உயர்த்தி, தோள்களை முன்னால் தள்ளி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்றாள்.