வெள்ளிக்கிழமை வீடு

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. ருக்ஸாரும் ஹாலிதும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் அரை வருடம்கூடத் தேறாது. ஹாலித் கத்தாரில், தோஹாவுக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ருக்ஸார் திருச்சியில், பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாமியார் ரோஷன் பேகத்தோடு இருந்தாள். பி.எஸ்சி. கணிதம் படித்தவள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே டியூஷன் எடுத்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் டியூஷன் கிடையாது. அன்றைக்குத்தான் இருவரும் வீடு கட்டுவார்கள்.

கட்டுவது கம்ப்யூட்டரில். மண்ணும் கல்லும் மரமும் கட்டம் கட்டமாக இருக்கும் ஒரு விளையாட்டு அது. வெட்டி எடுத்து, அடுக்கி, வேண்டியதைக் கட்டிக்கொள்ளலாம். வேறு வேறு ஊரில் இருப்பவர்கள் ஒரே இடத்தில் நின்று வேலை பார்க்கலாம். கடைசியாக லீவில் வந்திருந்தபோது ஹாலித்தான் பாகம் பாகமாக வாங்கி வந்து அந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டினான். கூடத்தில் பாயை விரித்து, ருக்ஸார் டார்ச் பிடிக்க, ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்கினான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டான். தன் லேப்டாப்பிலும் அதுதான் என்றும், பழகிவிட்டால் வேறு எதுவும் பிடிக்காது என்றும் சொன்னான். கிளம்புவதற்கு முன் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டுக்குள் இடம் தேடினார்கள். ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடும் நடுவில் ஒரு தீவு கிடைத்தது. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம் என்று அவனே பெயர் வைத்தான். அஸ்திவாரம் போட்ட கையோடு கத்தாருக்குப் போய்விட்டான்.

போனில் தினமும் முகம் பார்த்துப் பேசினார்கள். ஆனால் போனில் வருவது என்னவோ அதே கேள்விகள்தான். சாப்பிட்டாயா, அம்மா மாத்திரை போட்டார்களா, அங்கே வெயில் எப்படி. பதில்கள் தீர்ந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், சரி வைக்கவா என்பார். விளையாட்டில் அப்படி இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் வெகுநேரம் ஒரு வார்த்தையும் பேசாமல் அவன் சுவர் எடுப்பான். அவள் ஆற்றங்கரையில் மணல் அள்ளுவாள். அவன் தொண்டையைச் செருமுவது கேட்கும். அவன் அறையில் யாரோ கதவைச் சாத்துவது கேட்கும். இடையில், படியை இன்னும் ஒரு கல் தள்ளிப் போடேன் என்பான். அவள் முடியாது என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த நேரத்தில் அவன் பக்கத்து அறையில் இருப்பது போலவே அவளுக்கு இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம், ஒரு வெள்ளிக்கிழமை விளையாட்டைத் திறந்தால் எல்லாம் திக்கித் திணறியது. ஓர் அடி எடுத்து வைத்தாள். படம் அப்படியே உறைந்து நின்று, பிறகு மூன்றடி தள்ளிப் போய் விழுந்தது. பாலத்தில் நடக்கப் போனவள் ஆற்றில் விழுந்தாள். ஏறி வந்து மறுபடியும் விழுந்தாள். ஹாலித் முதலில் சிரித்தான். அப்புறம், மழைக்கு நெட் இழுக்குதோ என்னவோ என்றான்.

மறுநாள் பிராட்பேண்ட் ஆளைக் கூப்பிட்டாள். அவர் வந்து சோதித்துப் பார்த்து நெட்டில் ஒரு குறையும் இல்லை என்றார். அவர் போன பிறகு ருக்ஸாருக்கு ஒரு யோசனை வந்தது. நெட் வயரைக் கழற்றிவிட்டு, தனியாக ஆடும்படி புதிதாக ஓர் உலகத்தைத் திறந்தாள். அங்கேயும் அதே திணறல். ஆக, கோளாறு வீட்டுக்குள்ளேதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, படத்தின் நுணுக்கங்களை ஒவ்வொன்றாகக் குறைத்தாள். நிழல் போயிற்று. தண்ணீரின் பளபளப்பு போயிற்று. பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கண்ணுக்குத் தெரியும் தூரத்தைக் குறைத்தால் பாரம் குறையும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். குறைத்தாள். நடை கொஞ்சம் இலகுவானது. ஆனால் தன்னைச் சுற்றிச் சில அடிதான் தெரிந்தது. அதற்கு அப்பால் வெள்ளையாக மூட்டம்.

"மச்சான், எங்க நிக்கிறீங்க?"

"உனக்கு நேராத்தான். ஆத்துக்கு இந்தப் பக்கம். குதிக்கிறேன் பாரு, தெரியுதா?"

தெரியவில்லை. அவள் தெரிகிறது என்று சொன்னாள்.

கம்ப்யூட்டருக்குள் காற்றாடி ஓயாமல் இரைந்துகொண்டிருந்ததால் சூடுதான் காரணமோ என்று நினைத்தாள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டினாள். ஒரு கைப்பிடி பஞ்சு போல வந்தது. மூடிப் போட்டாள். இரைச்சல் அப்படியே இருந்தது.

அன்று இரவு ஹாலித் வீடியோ காலில் வந்தபோது, விடு ருக்ஸார், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான். சொல்லிவிட்டு ஏனோ வேறு பக்கம் பார்த்தான். வழக்கமாக லீவைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னும் எத்தனை வாரம் என்று அவனே சொல்வான். இப்போது அம்மாவின் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டான். ரோஷன் பேகம் பக்கத்திலேயே நின்றதால் ருக்ஸாரும் எதுவும் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு அந்தப் பார்வை மட்டும் அவள் மனதில் நின்றது.

அதற்குப் பிறகு அவன் வெள்ளிக்கிழமை வரவில்லை. உனக்கு அது ஓடாதபோது நான் மட்டும் வந்து என்ன செய்ய என்றான். வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் அணைந்த திரைக்கு முன்னால் ருக்ஸார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ரோஷன் பேகம் வந்து பார்த்து, இன்னைக்கு அவன்கூட உக்காரலையா என்று கேட்டாள். மிஷின் சரியில்லை என்றாள் ருக்ஸார். ரோஷன் பேகத்துக்கு அந்த விளையாட்டில் ஒன்றும் புரியாது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மருமகள் பக்கத்தில் சத்தம் இல்லாமல் தேநீரை வைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். அன்று தேநீரைக் கையில் கொடுத்தாள்.

கல்லூரியில் கூடப் படித்த கலைமதி ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் இருந்தாள். வீட்டிலிருந்தே வெப்சைட் வேலை பார்ப்பவள், அவளுடையதும் லினக்ஸ்தான். ருக்ஸார் போனில் விவரத்தைச் சொன்னதும், பெட்டியை இங்கே தூக்கி வா, என் திரை, என் வயரில் மாட்டிப் பார்ப்போம் என்றாள். வியாழக்கிழமை காலையில் ருக்ஸார் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினாள். சீட்டில் வைத்தால் ஆடுமென்று மடியில் வைத்துக்கொண்டாள். பாலத்தில் போகும்போது காவிரி இரு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சாரல் அடித்தது. அவள் குனிந்து முந்தானையால் பெட்டியை மூடிக்கொண்டாள்.

கலைமதியின் வீட்டில் அவள் கணவன் ரஞ்சித் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். குடையை எங்கே வைத்தாய் என்று உள்ளேயிருந்து கேட்டான். கலைமதி வயரை மாட்டிக்கொண்டே, எங்கே வைப்பேன், கதவுக்குப் பின்னாலதான் என்றாள். இல்லையே என்றான். நல்லாப் பாரு என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. அவன் போனதையும் அவள் கவனிக்கவில்லை. ருக்ஸார்தான் அவன் போன வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. இங்கேயும் அதே திணறல்தான். ஆனால் கலைமதி விளையாட்டைப் பார்க்காமல் திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.

"எழுத்தெல்லாம் எப்பவும் இவ்ளோ பெருசாவா இருக்கும்?"

ருக்ஸார் யோசித்தாள். இல்லை, முன்பு சின்னதாகத்தான் இருந்தது. எப்போது பெரிதானது? விளையாட்டு திணற ஆரம்பித்த அதே சமயத்தில்தான். கண்ணுக்கு வசதியாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டாள்.

இருவருமாகக் கம்ப்யூட்டரின் விவரங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தார்கள். கிராபிக்ஸ் என்ற இடத்தில், திரையில் படம் வரைவதற்கென்றே ஹாலித் வாங்கிப் போட்ட கார்டின் பெயர் இருக்க வேண்டும். அதற்குப் பதில் இருவருக்கும் தெரியாத ஏதோ ஒரு பெயர் இருந்தது. ருக்ஸார் அதைப் போனில் தட்டித் தேடினாள். கார்டு கிடைக்காத நேரத்தில் பிராசஸரே படத்தை வரைந்துகொள்ளும்படி செய்யும் மென்பொருளின் பெயர் அது என்று தெரிந்தது.

"அப்ப கார்டு உள்ள இருக்கு. இருக்குறது இதுக்குத் தெரியல," என்றாள் ருக்ஸார்.

"அதான் எழுத்தும் பெருசாச்சு, காத்தாடியும் அப்படி இரையுது. எல்லாத்தையும் பிராசஸரே போட்டு இழுத்துக்கிட்டு இருக்கு."

ஏன் தெரியவில்லை என்பதற்கும் இணையத்தில் பதில் இருந்தது. வேறு யார் யாருக்கோ இதே கஷ்டம் வந்திருந்தது. சில வாரம் முன்பு அப்டேட் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு ருக்ஸார் சரி என்று அழுத்தியிருந்தாள். லினக்ஸின் உயிர்நாடியான கெர்னல் அதில் புதிதாக மாறியிருக்கிறது. கார்டை ஓட்டும் டிரைவரோ பழைய கெர்னலுக்குப் பொருந்தியது, புதியதோடு சேரவில்லை. பழைய கெர்னலும் அழியாமல் உள்ளேயே இருக்கும், கம்ப்யூட்டரைப் போடும்போது வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தது.

எதையாவது தொட்டு மொத்தமும் போய்விட்டால் என்ன செய்வது, ஹாலித்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடேன் என்றாள் கலைமதி. ருக்ஸார் கேட்கவில்லை. அணைத்துப் போட்டு, பட்டியல் வந்ததும் பழைய கெர்னலை அழுத்தினாள். திரை இருண்டு, மீண்டும் வெளிச்சமானபோது எழுத்துகள் சின்னதாகியிருந்தன. காற்றாடி அடங்கியிருந்தது. விளையாட்டைத் திறந்து, தூரத்தை மறுபடி முழுதாகக் கூட்டினாள். மூட்டம் விலகி மலையெல்லாம் தெரிந்தது. கலைமதி அவள் தோளில் தட்டினாள். பிறகு இருவரும் இணையத்தில் சொல்லியிருந்தபடி, விட்டுப்போயிருந்த ஒரு மென்பொருள் துண்டை இறக்கி நிறுவி, புதிய கெர்னலுக்கும் டிரைவரைச் சேர்த்தார்கள். அதிலும் ஓடியது. வீட்டுக்குப் போகும் வழியில் ஹாலித்துக்கு ஒரே வரி அனுப்பினாள்: நாளைக்கு வாங்க, சரியாயிடுச்சு.

மறுநாள் அவன் ஜும்மா தொழுகை முடித்து, சாப்பிட்டுவிட்டு வந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. வீடு விட்ட இடத்திலேயே இருந்தது. அவள் இல்லாத வாரங்களில் அவன் ஒரு கல்லும் வைக்கவில்லை. எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நானாக இருந்தால் மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருப்பேன் என்றான். பிறகு இருவரும் மாடிச் சுவரில் ஆளுக்கொரு பக்கமாக வேலையைத் தொடங்கினார்கள். அவன் தெற்கே, அவள் வடக்கே. வெகுநேரம் பேச்சில்லை.

"ருக்ஸார்."

"ம்."

"லீவு கேன்சல் ஆயிடுச்சு."

அவன் கல் வைப்பதை நிறுத்தவில்லை. கிடங்கில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அடுத்த வருடம் பெருநாள் முடியும்வரை யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்து சில வாரம் ஆகிறது. எல்லாவற்றையும் அதே குரலில், வேலை பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போன்ல சொல்லலாம்னுதான் பாத்தேன். உன் மொகத்தைப் பாத்துக்கிட்டு சொல்ல வரல."

ருக்ஸாரின் விரல் கல்லை வைத்துக்கொண்டே போயிற்று. ஒன்றன் மேல் ஒன்றாக, யோசிக்காமல்.

"ஜன்னலை அடைச்சிட்டியே," என்றான் ஹாலித் மெதுவாக.

பார்த்தாள். ஆற்றைப் பார்க்க என்று விட்டிருந்த இடத்தில் முழுச் சுவர் நின்றது. "தெரியும்," என்றாள். ஒவ்வொரு கல்லாக உடைத்து எடுத்தாள். அவன் காத்திருந்தான். கடைசிக் கல் போனதும் அந்தப் பக்கம் அவன் நிற்பது தெரிந்தது.

"மாமிகிட்ட யார் சொல்றது?"

"நீயே சொல்லிடேன்."

"நான் சொல்ல மாட்டேன் மச்சான். அவங்க என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க, அடுப்படிக்குப் போயிருவாங்க. நீங்களே சொல்லுங்க."

ரோஷன் பேகம் தேநீரோடு வந்தபோது ருக்ஸார் எழுந்து நாற்காலியை விட்டாள். மாமியாரை உட்கார வைத்து, முக்காட்டுக்கு மேலேயே ஹெட்போனை மாட்டினாள். அந்த நாற்காலியில் ரோஷன் பேகம் அதுவரை உட்கார்ந்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் பேசுவது ருக்ஸாருக்குக் கேட்கவில்லை. ரோஷன் பேகம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒருமுறை, சரி கண்ணு என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு என்றாள். அல்லாஹ் நாடினால் வரலாம், அதற்கென்ன என்றாள். அழவில்லை.

ருக்ஸார் ஹெட்போனைக் கழற்ற வந்தாள். ரோஷன் பேகம் கையால் தடுத்துவிட்டுத் திரையையே பார்த்தாள்.

"இதுல அவன் எங்க இருக்கான்?"

ருக்ஸார் விரலால் காட்டினாள். மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீலச் சட்டை போட்ட கட்டம் கட்டமான ஓர் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அடுத்த வரிசைக்குக் கல் எடுத்துக்கொண்டிருந்தது.

"ஹாலிது," என்றாள் ரோஷன் பேகம், பக்கத்து அறையில் இருப்பவனைக் கூப்பிடுவது போல. "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புப்பா."

உருவம் கையிலிருந்த கல்லை வைத்துவிட்டுத் திரும்பியது. அந்த முகத்தில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும்தான். அவன் ஜாடை ஒரு துளியும் கிடையாது. ரோஷன் பேகம் சற்று முன்னால் குனிந்தாள். தேநீரில் ஆடை படியும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அசையாமல் நின்றான்.