மயங்கி மயங்கி விழுந்த ஃபயர்வால்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் வெற்றிலைப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது. ஃபயர்வால் என்று பெயர். உலகத்துத் திருடர்கள் அத்தனை பேரும் வரிசை கட்டி வந்தாலும் ஒருத்தனையும் உள்ளே விடாது. சங்கத்தின் கணினிகளையும், அவற்றில் இருந்த கல்யாண சீசன் புது டிசைன்களையும் அதுதான் காத்துவந்தது. அதன் விசிறி விட்ட மூச்சில் தாமல் ஏரியே அலையடித்தது என்றால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் பாதகமில்லை.

அந்தப் பெட்டிதான் ஒரு வாரமாக மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்தது. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், திடீரென்று சிவக்கும், பெட்டி தானாக அணைந்து, முதலிலிருந்து எழுந்து வரும். அடுத்தடுத்து விழுந்தாலோ, கோபித்துக்கொண்டு படுத்தேவிடும். சங்கத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் துர்காதேவி போய் விசையை அழுத்தித் தாஜா செய்தால்தான் கண் திறக்கும். அதுவரை சங்கத்துக்கும் வெளியுலகத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பெட்டியைச் செய்த கம்பெனியிடமிருந்து அதே வாரம் ஓர் எச்சரிக்கையும் வந்திருந்தது. மென்பொருளில் ஓட்டை, கோணல்மாணலான ஒரு சேதி வந்தால் பெட்டி அதைப் படிக்கத் தெரியாமல் தடுக்கி விழும், திருட்டு ஒன்றும் போகாது, வேலைதான் நின்றுபோகும், திருத்தம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான், சங்கமே பகைவனைத் தேடக் கிளம்பிவிட்டது.

"ரஷ்யாக்காரன்தாம்மா," என்றார் தறிக்காரர் வேலாயுதம். "நம்ம புடவையப் பாத்து வயிறு எரிஞ்சுக்கினு இருக்கான்."

"ரஷ்யாவுல யாரு மாமா பட்டுப்புடவை கட்டறாங்க?" என்றாள் துர்காதேவி.

"கட்ட முடியலன்னுதான் எரியுது!"

தலைவர் திருஞானசம்பந்தத்துக்கு எரிச்சல் வேறு. சிட்னியில் இருக்கும் ஒரு கல்யாணப் பெண், தன் முகூர்த்தப் புடவை தறியை விட்டு இறங்குவதை அன்று சாயங்காலம் கேமராவில் பார்க்கப்போகிறாள்.

"அப்போ மட்டும் இது விழட்டும், கழட்டிப் போட்டுட்டு லைனை நேரா சொருகிடுவேன். நீயும் வேற வேலை பாத்துக்கம்மா."

"நேரா சொருகினா நம்ம டிசைனெல்லாம் தெருவுல கிடக்கிற மாதிரிங்கய்யா."

"விழுந்துக்கினே இருக்கிற காவக்காரன் எதுக்கும்மா?"

துர்காதேவி பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். பின்கொட்டகையில் தறிகள் அடங்கின. சாயம் தோய்த்த பட்டு கொல்லையில் காய்ந்துகொண்டிருந்தது; அதில் பட்டுத் தெறித்த வெயில் அரக்கும் மயில்கழுத்துமாக ஜன்னல் வழியே வந்து அவள் மேசையில் மிதந்தது. பெட்டியைப் பார்த்தபடியே கண் அயர்ந்துவிட்டாள்.

பெட்டி ஒரு தறியாக மாறியிருந்தது. கோபுரங்களுக்கெல்லாம் மேலே, மேகத்துக்கும் மேலே இருந்து, உலகத்துச் சேதிகள் பட்டிழைகளாக இறங்கின. ஒவ்வோர் இழையும் தறியின் பல்லிடுக்கில் நுழைந்து, ஓசையில்லாமல் வழுக்கிப் போயிற்று. சில இழைகளின் தலையில் மட்டும் ஒரு சுருள், குட்டி யானையின் தும்பிக்கை போல. அந்தச் சுருள் பல்லில் மாட்டியது. தறி தும்மியது. வானமே அறுந்து, மெத்துமெத்தென்று அவள் மடியில் விழுந்தது.

விழித்தாள். பெட்டி சிவந்திருந்தது. கொட்டகையில் தறிச் சத்தம் அப்போதுதான் மறுபடி ஆரம்பித்திருந்தது.

தறிக்காரர்கள் சாப்பிட்டு வந்தால் விழுகிறது. டீ குடித்து வந்தாலும் விழுகிறது! போன வெள்ளிக்கிழமைதான் ஒவ்வொரு தறியிலும் டிசைன் காட்ட ஒரு புதுத் திரை மாட்டியிருந்தார்கள். ஆள் நகர்ந்தால் திரை தூங்கும். வந்து தொட்டால் விழித்து, தன் பெயரைச் சொல்லிப் பெட்டியிடம் வழி கேட்கும். கனவின் சுருள் இன்னும் கண்ணில் ஆட, கொட்டகைக்கு ஓடினாள்.

"மாமா, திரைக்கெல்லாம் பேரு வச்சது யாரு?"

"நாந்தான். நல்ல நேரம் பாத்து நானே தட்டினேன்," என்றார் வேலாயுதம் பெருமையாக.

"என்னன்னு தட்டினீங்க?"

"தறி நம்பருதாம்மா. முன்னால ஒரு 'உ' போட்டேன்."

"உ-வா?"

"பின்ன? பிள்ளையார் சுழி போடாம எதத்தான் ஆரம்பிக்கிறது? பால் கணக்குக்கே போடறோம்!"

பெட்டி எழுந்து வரும்வரை காத்திருந்தாள். "இப்போ உங்க திரைய அணைச்சிட்டு, மறுபடி தொடுங்க."

தொட்டார். ஜன்னலுக்கு உள்ளே பெட்டி சிவந்தது.

ரஷ்யா தப்பித்தது. ஆங்கில எழுத்தையே பார்த்துப் பழகிய மென்பொருள், பெயரின் வாசலில் தும்பிக்கையைச் சுருட்டி உட்கார்ந்திருந்தவரைக் கண்டு கால் இடறியிருக்கிறது.

"அழிச்சிடலாமா மாமா?"

தறிகள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. அந்த அமைதியில் ஊருக்கு வெளியே ஓரிக்கையில் ஒரு காக்கை சிறகு உதறியதுகூடக் கேட்டது.

"பிள்ளையார அழிக்கிறதா? நீயாம்மா சொல்ற?"

"அழிக்கலை மாமா, இடம் மாத்தறோம். உள்ள இருக்கிறவரு வெளிய வந்து உக்காரட்டும்."

வேலாயுதம் யோசித்தார். அப்புறம் தானே போய்க் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துவந்து, ஒவ்வொரு திரையின் நெற்றியிலும் விரலால் ஒரு சுழி போட்டார். அவர் பின்னாலேயே போய் துர்காதேவி பெயர்களில் இருந்த சுழியை எடுத்தாள். நாளைக்கு நிஜமாகவே ஒரு ரஷ்யாக்காரன் இதைக் கண்டுபிடித்துவிட்டால்? வெளியிலிருந்து பெயர் சொல்லி வழி கேட்கும் எந்தச் சேதியையும், திருத்தம் வரும்வரை, பிரிக்காமலே தள்ளிவிடு என்று பெட்டிக்குச் சொல்லிவைத்தாள். எதில் தடுக்கியது என்று கம்பெனிக்கும் எழுதினாள்.

சாயங்காலம் சிட்னிப் பெண் திரையில் வந்தாள். டீ குடிக்கப் போயிருந்த தறிக்காரர்கள் எல்லோரும் திரும்பிவந்து, வேண்டுமென்றே, ஒரே நேரத்தில் தங்கள் திரைகளைத் தொட்டார்கள். துர்காதேவி பெட்டியையே பார்த்தாள். பச்சை சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. வேலாயுதம் இறக்கிய அரக்குப் புடவை கேமராவுக்குள் வழிந்து, கடலெல்லாம் தாண்டி, ஒரு சுருக்கம்கூட விழாமல் அந்தப் பெண்ணின் கண்ணுக்குள் போய் இறங்கியது.

"இருக்கட்டும்மா பெட்டி," என்றார் தலைவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "நீயும் இரு."

பிறகு அவருக்கு என்ன தோன்றியதோ, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் பெட்டியின் பெயர் தெரிந்த கணினியில் கை வைத்தார்.

"எல்லாத்துக்கும் சுழி போட்டுட்டு, பாவம், இதுக்கு மட்டும் போடாம விட்டுட்டீங்களேம்மா..."

துர்காதேவி பாய்ந்து போய், அவர் விரலுக்கும் விசைப்பலகைக்கும் நடுவே மஞ்சள் கிண்ணத்தை நீட்டினாள்.