நான்காவது தடவை

பெட்டியை மூட வந்தவர்களைப் பாக்கியம்மா மறுபடியும் தடுத்தாள். மகன் றொபி நீர்கொழும்பிலிருந்து வந்து தகப்பனைக் கொஞ்சி முத்தமிட்ட பிறகு மூடலாம் என்றாள். நாலு மணி அடக்கம் ஐந்தைத் தாண்டிவிட்டது. முற்றத்தில் நின்ற தலவில ஊர்ச் சனமும் அசைவதாக இல்லை.

"வருவான் சுவாமி. போன மாசம் டீவியில எல்லாரும் பாத்தம்தானே," என்று அடக்கத்துக்கு வந்திருந்த பாதிரியாரிடம் சொன்னார் பக்கத்து வீட்டுத் தோமஸ்.

பார்த்ததுதான் வினை என்று நினைத்தாள் மகள் டிலுக்ஷி. காலையில் அவள் போன் எடுத்தபோது, "நான் வரல்ல அக்கா," என்று சொல்லி றொபி வைத்துவிட்டான். அதை அம்மாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அப்பா நிக்கொலஸை அந்த டீவிப் பகல் நிகழ்ச்சிக்குக் கொழும்புக்குக் கூட்டிப்போனவளும் அவள்தான். பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கிறோம் என்றார்கள். ஏழு வருடத்துக்கு முன்னர் கரையில் எல்லாருக்கும் முன்னால் அப்பா அடித்த அடியோடு வீட்டைவிட்டுப் போனவன் றொபி. நிகழ்ச்சிக்காரர்கள் விடாமல் கேட்டதில் வந்திருந்தான்.

டீவியில் வந்தது அரை நிமிடம். மகன் கதவைத் திறந்து வருகிறான், அப்பாவைக் கட்டிப்பிடிக்கிறான், பார்த்திருப்பவர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். அதை நாலு தடவை எடுத்தார்கள் என்பது ஊருக்குத் தெரியாது. முதல் தடவை அப்பா மகனின் தோளுக்கு மேலால் கமராவைப் பார்த்துவிட்டார். இரண்டாம் தடவையும் பார்த்தார்.

"ஐயா, மகனைப் பாருங்க. எங்களப் பாக்காதீங்க," என்று தயாரிப்பாளர் பல்லைக் கடித்தார். கண்ணைத் துடைக்க வந்திருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். மூன்றாம் தடவையும் அதே பிழை. இத்தனை வயதில் இது கூடவா விளங்காது என்று டிலுக்ஷிக்கு மானம் போயிற்று.

நான்காவது சரிவந்தது. விளக்குகளை அணைத்ததும் றொபி சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, திரும்பியும் பாராமல் போனான்.

பஸ்ஸில் அவள் அப்பாவை ஏசினாள்.

"கமராவப் பாக்க வேணாமெண்டு எத்தின தரம் சொன்னாங்க?"

"கேட்டதுதான் புள்ள."

"பிறகேன் பாத்தீங்க?"

சிலாபம் தாண்டியதும் அவர் ஜன்னலை இழுத்து மூடினார். பிறகு, "பாத்தாத்தானே திரும்ப எடுக்கிறாங்க," என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நாலாம் தரம் பாக்கல்லயே?"

"மூண்டாந்தரம் அவன் என்ட காதுக்குள்ள, காணும், போதும் எண்டான்."

முந்தாநாள் கரையில் வலை இழுக்கும்போது விழுந்த மனிதர் இப்போது பெட்டிக்குள் கிடக்கிறார். சுவாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிலுக்ஷி அம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"றொபி இப்பத்தான் கதைச்சவன் அம்மா. பஸ் பிந்திட்டுதாம். நேர சேமக்காலைக்கு வாறானாம்."

"நான் சொன்னன்தானே," என்று பாக்கியம்மா எழுந்தாள். பெட்டியை மூடினார்கள். வழியெல்லாம் அவள் தூக்கிப் போகிறவர்களை மெதுவாக நடக்கச் சொன்னாள்.

சேமக்காலையில் சுவாமி செபித்து முடித்ததும் எல்லாரும் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டார்கள். பாக்கியம்மா இரண்டு கையாலும் அள்ளினாள். ஒரு கை மண்ணைப் போட்டாள். மற்றக் கையைப் பொத்தியபடி பஸ் வரும் பாலாவி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.