மறுபடி வந்தால் கொடுப்பீர்களா?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரித்துத் தெரிந்துகொள்ளும் வேலை உங்களுக்கு மிச்சம்.

ஒருமுறை வாடகைக்கு வீடு தேடி அலைந்தேன். பிடித்துப்போன ஒரு வீட்டின் உரிமையாளர் என்னிடம் நேரில் எதுவுமே கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஏஜென்சி பார்த்துக்கொள்ளும் என்றார். ஏஜென்சி என் பழைய வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டது. நான் எப்படிப்பட்ட ஆள், யார் வந்தார்கள், யார் போனார்கள், விளக்கை எப்போது அணைத்தேன், எல்லாம் கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். அதை வெளியில் சொல்லக்கூடாது, ரகசியம் என்றார்கள். என்னைப் பற்றிய ரகசியம் என்னைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் தெரியலாம் போலிருக்கிறது.

அன்று கோபம்தான் வந்தது. கோபம் ஆறிய பிறகு மிஞ்சியது ஏக்கம். யாரோ ஒருவர் நம்மை நினைவில் கொண்டுவந்து நாலு வார்த்தை பேசியிருக்கிறார்; அதைக் கேட்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. தெரிந்துகொள்ள வழியில்லாததால் எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த அவளுக்கு இரண்டாவது முறையும் வீடு இல்லை என்று சொல்லப்பட்டபோது, வெளியே மழை பிடித்துக்கொண்டு—"

மழையை வெட்டினேன். வீடு கிடைக்காதவள்மேல் மழையையும் பெய்யவைப்பது, மரத்திலிருந்து விழுந்தவனை மாடு முட்டிய கதை.

அடுத்தது:

"அந்த வீட்டுக்கார அம்மாள் ஒரு பொல்லாத—"

இதில் கொஞ்ச தூரம் போனேன். வீட்டுச் சொந்தக்காரர் என்றாலே வில்லன் என்று எழுத யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த அம்மாள் என் சொற்படி கேட்கவில்லை. குடியிருந்தவளைப் பற்றித் தாறுமாறாகப் பேசட்டும் என்று போனைக் கையில் கொடுத்தால், ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார். ஏன் நிற்கிறார் என்று பார்க்கப்போய்த்தான் கதையே கிடைத்தது. ஆகவே அவரிடமிருந்து தொடங்குகிறேன்.

3

அவர் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னமும் எக்சேஞ்ச் அக்கா என்றுதான் பெயர். ஒரு காலத்தில் ஊர்ப் பேச்செல்லாம் அவர் காதைத் தாண்டித்தான் போனது. யாருக்குக் கல்யாணம் முறிந்தது, யாருக்கு வேலை போனது எல்லாம் சொந்தக்காரர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றையும் அவர் வெளியே விட்டதில்லை. காதில் விழுந்தது வாய்க்கு வரக்கூடாது என்பார்.* கணவரிடம்கூடச் சொன்னதில்லை. பாவம், அந்த மனுஷன் கேட்டுக் கேட்டு அலுத்து, ஒன்றும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

(* இந்த உத்தியோகம் நான் கொடுத்தது. கதையில் வாய்க்கட்டு உள்ள ஒருவர் இருக்கட்டுமே என்று கொடுத்தேன். அது பின்னால் அவரையே குத்தும் என்று அப்போது தெரியாது.)

மாடி வீட்டில் குடியிருந்தவள் ரத்தம் எடுப்பவள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடிவதற்குள் கிளம்பிவிடுவாள், மதியம் தாண்டித் திரும்புவாள். அக்கா அவளுக்கு வைத்த பெயர் ஊசி. படியேறுமுன் சாவிக்கொத்தால் கைப்பிடிக் கம்பியில் இரண்டு தட்டு தட்டுவாள். வந்துவிட்டேன் என்று அர்த்தம். அக்கா டீக்குத் தண்ணீர் வைப்பார். மாடிப்படியிலேயே உட்கார்ந்து இருவரும் குடிப்பார்கள். அவள் பேசுவாள், இவர் கேட்பார். கேட்பதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது.

பிறகு மகன் மாற்றலாகிக் குடும்பத்தோடு வருகிறேன் என்றான். மாடி வேண்டும். அக்கா ஊசியைக் காலி செய்யச் சொன்னார். அவள் முகம் கோணாமல் சாமான்களைக் கட்டிக்கொண்டு, கூட வேலை பார்க்கும் தோழி வீட்டு ஹாலில் போய்த் தங்கினாள். மகன் வரவில்லை. மாற்றல் ரத்தாகிவிட்டதாம். சொல்லும்போது அவன் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று அக்கா உற்றுக் கேட்டார். அவருடைய காதுக்கே அது அகப்படவில்லை.

மாடி பூட்டிக் கிடந்தது. மதியமானால் அடுப்பில் இரண்டு பேருக்குத் தண்ணீர் தன்னால் ஏறியது.

நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஒரு போன் போட்டு, மாடி காலிதான், வந்துவிடு என்றால் தீர்ந்தது. அதையும் எழுதிப் பார்த்தேன். அக்கா எண்களை அழுத்திக்கொண்டே வந்தார். கடைசி எண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டார். போ என்று சொன்ன வாயால் வா என்று எப்படிச் சொல்வது? அதைவிட, மகன் வரவில்லை என்று யாரிடமும் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பையன் வந்துவிட்டான், வேலைக்குப் போயிருக்கிறான் என்றே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெற்ற மனம்.

4

ஊசி வாடகைக்குப் பார்த்திருந்த ஒரு வீட்டுக்காக, ஏஜென்சியிலிருந்து விசாரிப்பவர் அக்காவைக் கூப்பிட்டார். மரியாதை தெரிந்த பிள்ளை. நாள் முழுக்க இதே வேலை அவருக்கு. வாடகை சரியாக வந்ததா, சத்தம் உண்டா, விருந்தாளிகள் யார் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அக்கா நல்லபடியாகவே சொன்னார். கடைசியில், எல்லாரிடமும் கேட்கும் ஒரு கேள்வி இருந்தது.

"அவங்க மறுபடி வந்தா வீடு குடுப்பீங்களாம்மா?"

மறுபடி வருவதா? அப்படியும் ஒன்று நடக்கக்கூடும் என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. கம்பியில் விழும் அந்த இரண்டு தட்டு, சூடு தாங்காமல் டம்ளரைக் கைமாற்றிக் கைமாற்றி ஊசி பேசுவது, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வார்த்தை வரக் கொஞ்சம் நேரமானது.

ஏஜென்சியில் ஒரு வழக்கம் உண்டு. பழைய குடித்தனக்காரரைப் பற்றி யாரும் வெளிப்படையாகக் குறை சொல்லமாட்டார்கள். ஆகவே கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அதை மறுப்பென்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அக்கா "குடுப்பேன்" என்று வாயெடுப்பதற்குள், "சரிம்மா, புரியுது" என்று அந்தப் பிள்ளை வைத்துவிட்டார்.

அந்த வீடு கைநழுவியது. இதுவரை யார்மேலும் பழியில்லை.

5

[இந்த இடத்தில் ஊசி ஏன் தனியாக இருக்கிறாள் என்று சொல்லியாக வேண்டும். எழுதியும் வைத்திருந்தேன், முழுதாக ஒரு பக்கம். படியில் உட்கார்ந்து அவள் அக்காவிடம் ஒரே ஒரு தடவை சொன்னது. படித்திருந்தால் கண் கலங்கியிருப்பீர்கள். கிழித்துப் போட்டுவிட்டேன். கதைக்குள் குடிவருகிற ஆளின் பூர்வோத்திரத்தைக் கேட்க வாசகருக்கு உரிமை உண்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அது அவளுடையது. வாடகையைச் சரியாகக் கொடுத்தாள், படியைப் பெருக்கினாள். உங்களுக்கு அது போதும்.]

6

ஊசி போனில் அக்காவிடம் சொன்னாள், அந்த வீடு தட்டிப்போய்விட்டது என்று. ஐயோ பாவம் என்றார் அக்கா. மனதாரத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பாவத்துக்கு அடியில் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. எங்கேயும் கிடைக்காவிட்டால் இங்கேதானே வந்து கேட்பாள்?

கேட்க மாட்டாள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. மாடியில் மகன் குடியிருப்பதாக அல்லவா அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்! அக்காவுக்கு அது தோன்றவில்லை. ஆசை வெட்கம் மட்டுமா அறியாது?

இரண்டாவது வீட்டுக்காக ஏஜென்சி கூப்பிட்டபோது, அக்கா படியில் கேட்டதைச் சொன்னார். முழுதாக அல்ல, பாதி. பொய் ஒன்றுகூடக் கலக்கவில்லை. அவரைத் தடுக்க நான் ஆன மட்டும் பார்த்தேன். ஒரு வரைவில் வாசலில் ஆள் வந்து கூப்பிட்டது, இன்னொன்றில் போனே செத்துப்போனது. எல்லாவற்றையும் தாண்டி வந்து சொல்லிவிட்டார். எக்சேஞ்சில் இருந்த காலமெல்லாம் காத்த வாய் அது. ரிசீவரை வைத்த பிறகு, அதைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார்.

7

ஊசி நேரில் வந்தாள். கம்பியில் தட்டவில்லை, வெளியாளைப் போல வாசல் மணியை அழுத்தினாள். அக்கா டீ போட்டார். பையன் எங்கே என்று கேட்டாள். வேலைக்குப் போயிருக்கிறான் என்றார். மருமகள்? அவளுந்தான். மாடிப்படியில் தூசி படிந்து கிடந்தது. ரத்தக்குழாயைத் தொட்டே கண்டுபிடிக்கிறவள் அதைக் கவனித்திருக்க மாட்டாளா? கவனித்தாள் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

தோழியின் மாமனாரும் மாமியாரும் வரப்போகிறார்கள், ஹாலைக் காலி செய்தாக வேண்டும் என்றாள். இன்னொரு வீடு பார்த்திருக்கிறாளாம். சின்னதுதான், ஆனால் வேலைக்கு நடந்தே போய்விடலாம். நாளைக்கு ஏஜென்சியிலிருந்து அக்காவைக் கூப்பிடுவார்கள்.

டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"போன தடவை அந்த வீட்டுக்காரர், நான் உங்ககிட்ட மட்டும் சொன்னதை என்கிட்டயே திருப்பிக் கேட்டாருக்கா."

அக்கா தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்படித் தெரிஞ்சதுன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். உங்க வாயிலேருந்து வந்திருக்காது. நீங்க எக்சேஞ்ச்ல இருந்தவங்க. நான்தான் வேற எங்கயோ உளறியிருக்கேன்."

[அவள் இதை நம்பிச் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா? எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அதுதான் அவருக்குத் தண்டனை.]

"நாளைக்குக் கேட்டா நல்லபடியா சொல்லுங்கக்கா. என்னைப் பத்திச் சொல்ல உங்களை விட்டா எனக்கு ஆளில்ல."

கிளம்பிப் போகையில் மாடிப்படியைக் கடந்தாள். பழக்க தோஷம், கை தானாக நீண்டு சாவிக்கொத்தால் கம்பியில் இரண்டு தட்டு தட்டிவிட்டது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அக்கா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அணைத்தார்.

8

என்னிடம் இருக்கும் முடிவுகள்:

அக்கா நல்லபடியாகச் சொல்கிறார். ஊசிக்கு வீடு கிடைக்கிறது. எல்லாருக்கும் பிடிக்கும். அதற்கப்புறம் அவள் அவ்வப்போது போன் செய்வாள். போகப்போக அதுவும் குறையும். இது எனக்கு நன்றாகத் தெரியும். நானே என் பழைய வீட்டுக்கார அம்மாவை இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட—

வேண்டாம். அடுத்தது. அக்கா இந்த வீட்டையும் கெடுக்கிறார். மாடி காலி என்பது எப்படியோ தெரிந்து, போக்கிடமில்லாமல் அவள் திரும்பி வருகிறாள். மறுபடி டீ, மறுபடி படி. ஆனால் அவள் இனி எதையும் சொல்ல மாட்டாள். சொல்ல யாருமில்லாத வீடும் கேட்க ஒன்றுமில்லாத வீடும் ஒன்றுதான்.

இன்னொன்று: அக்கா அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். இதை எழுதத்தான் எனக்கு ஆசை. எண்களை அழுத்துகிறார், கடைசி எண்ணுக்கு முன்னால் வைத்துவிடுகிறார். இந்த வரியை நீங்கள் படிக்கும்போதும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

9

போன் அடிக்கிறது. அதே பிள்ளை. வாடகை, சத்தம், விருந்தாளிகள் எல்லாவற்றுக்கும் அக்கா நல்லபடியாகச் சொல்லியாயிற்று.

"கடைசியா ஒண்ணு. அவங்க மறுபடி வந்தா வீடு குடுப்பீங்களாம்மா?"

அக்கா மாடியைப் பார்க்கிறார். வாயைத் திறக்கிறார்.

இங்கே நிறுத்தி, முடிவை உங்களிடம் விட்டுவிட்டு எழுந்து போவதாகத்தான் இருந்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அது வழக்கம், மரியாதையும்கூட. இப்போதுதான் தவறு தெரிகிறது. நான் நிறுத்தினால் அக்காவும் நிறுத்திவிடுவார். மறுமுனையில் அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். தயக்கம் என்றால் மறுப்பு. ஊசி சாமான்களோடு ஹாலில் நிற்பாள். முடிவு சொல்லாமல் விடுவதும் அவளுக்கு ஒரு முடிவுதான்.

ஆகவே ரிசீவரை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அக்காவாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஒரு சொல் போதும். யாரை நினைத்துக்கொண்டு அதைச் சொல்கிறீர்கள் என்று நாங்கள் விசாரிக்க மாட்டோம்.

சீக்கிரம். அந்தப் பிள்ளை "சரிம்மா, புரியுது" என்று சொல்ல வாயெடுக்கிறார்.